வேறு வேலையிலிருந்து மென்பொருள் துறைக்கு, சொந்தமாகக் கற்றுக்கொண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். 34 வயதில் புரோகிராமிங் கற்க ஆரம்பித்தேன், வகுப்பு எதற்கும் போகவில்லை. 36 வயதில் அதுவே வேலையாகிவிட்டது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் யாராவது ஒருவர் "நானும் மாறலாம்னு இருக்கேன், எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்கிறார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே கொட்டி வைக்கிறேன். பெரும்பாலும் என் அபிப்பிராயங்கள்தான். வேறு வழியில் போய் உருப்பட்டவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

வயது 35 தாண்டிவிட்டது. இனிமேல் முடியுமா?

முடியும். அதிகம் வருகிற கேள்வி இதுதான், ஆனால் இதில் சொல்வதற்குத்தான் குறைவாக இருக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசப் பயிற்சித் தளத்தை 2014-இல் தொடங்கிய குவின்சி லார்சன் அதற்கு முன் பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர். முப்பதைத் தொட்ட பிறகுதான் கோட் (கணினிக்கு எழுதும் கட்டளை வரிகள்) எழுதவே கற்றுக்கொண்டார்.

வயதால் வரும் சிக்கல் மூளையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இருபது வயதில் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்துவிட்டு மறுநாள் பத்து மணிக்கு எழலாம். உங்களுக்குக் காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலை இருக்கும். இரண்டாவது சிக்கல் கொஞ்சம் கசப்பானது. பழைய வேலையில் பத்துப் பேர் உங்களைக் கேட்டுத்தான் எதையும் செய்திருப்பார்கள். இங்கே 23 வயதுப் பையன் உங்கள் கோடைப் பார்த்துவிட்டு "இது சரியா வராதுண்ணா, மாத்திடுங்க" என்பான், பெரும்பாலும் அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும். அதைக் கேட்டு முகம் சுருங்காமல் மாற்றத் தெரிந்தால் வயது ஒரு பொருட்டே இல்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் இல்லையே?

சில நிறுவனங்கள் பட்டம் இல்லாத ரெஸ்யூமேயைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. வெளிநாட்டு வேலை விசாவுக்குப் பட்டம் கேட்கும் நாடுகளும் உண்டு. மற்ற இடங்களில், குறிப்பாகச் சிறிய நிறுவனங்களில், "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்பதுதான் முதல் கேள்வி.

பட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் போவது சில விஷயங்கள்: நினைவகம் எப்படி இயங்குகிறது, இயங்குதளம் என்ன செய்கிறது, நெட்வொர்க்கில் தகவல் எப்படிப் பயணிக்கிறது, அல்காரிதங்கள் (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் வழிமுறைகள்). இவற்றையும் பின்னால் கற்கலாம். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் முழுவதும் இலவசமாக இணையத்தில் இருக்கிறது. டேவிட் மாலன் நடத்துகிறார். அதில் பைத்தான் வருவதற்கு முன்பே சி மொழியில் சில வாரம் உங்களைப் புரட்டி எடுப்பார்கள். அந்தச் சில வாரங்கள் வலிக்கும், ஆனால் மற்ற மொழிகள் நமக்காக எதையெல்லாம் மறைத்து வைத்திருக்கின்றன என்பது அங்கேதான் தெரியவரும்.

எனக்குக் கணக்கு வராதே?

எந்தக் கணக்கு? கேம் கிராஃபிக்ஸ், மெஷின் லேர்னிங் பக்கம் போனால் லீனியர் அல்ஜீப்ரா, புள்ளியியல் எல்லாம் வேண்டும். சாதாரண வெப்சைட், அலுவலக மென்பொருள் என்றால் கூட்டல், கழித்தல், வகுத்தால் மீதி எவ்வளவு, "இது உண்மை ஆனால் அது உண்மை இல்லை என்றால்" மாதிரியான தர்க்கம், இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய கணக்கில் கவனம் வேண்டும். 95 பொருட்கள், ஒரு பக்கத்துக்கு 10 என்றால் மொத்தம் எத்தனை பக்கம்? வகுத்துப் பின்னத்தைத் தள்ளிவிட்டு 9 என்று சொல்லும் புரோகிராமை நானே எழுதியிருக்கிறேன். கடைசி ஐந்து பொருட்கள் யார் கண்ணிலும் படாமல் நாலு நாள் கிடந்தன.

எந்த மொழியில் ஆரம்பிப்பது?

இந்தக் கேள்வியிலேயே மூன்று மாதத்தைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். (நானும் ஆறு வாரம் கழித்தேன்.)

திரையில் ஏதாவது தெரியவேண்டும், பட்டனை அழுத்தினால் நகரவேண்டும் என்ற ஆசை இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசருக்குள்ளேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. எக்செல் கோப்புகள், ரிப்போர்ட்கள், தினமும் செய்து சலித்துப்போன ஒரே மாதிரி வேலைகள், இவற்றைத் தானாக நடக்க வைக்க நினைத்தால் பைத்தான். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் கற்றுத் தரும் ஆட்கள் ஏராளம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றல்ல, பெயரில் மட்டும்தான் உறவு; இதைத் தெரியாமல் தப்பான வகுப்பில் சேர்ந்து பணம் கட்டியவர் ஒருவர் எனக்குப் பழக்கம்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்த மொழி. அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. மேற்கோளுக்குள் இருக்கும் '5'-உடன் 7-ஐக் கூட்டச் சொன்னால் 57 என்று ஒட்டிக் கொடுக்கும். அதே '5'-இலிருந்து 2-ஐக் கழிக்கச் சொன்னால் சமர்த்தாக 3 என்று சொல்லும். பைத்தான் இந்த விஷயத்தில் கறாரானது, அதைப் பற்றிக் கீழே எர்ரர் பற்றிய கேள்வியில் வரும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆறு மாதத்துக்கு மாற்றாதீர்கள். மாறி (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்), நிபந்தனை, லூப் (ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (பெயர் வைத்துப் பிரித்த ஒரு சின்ன வேலை), பட்டியல் என்ற ஐந்தும் எல்லா மொழியிலும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு மொழியில் இவை கைக்கு வந்துவிட்டால் அடுத்த மொழிக்குச் சில வாரம் போதும். மூன்று மொழியில் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தவருக்கு ஒரு மொழியும் வராது.

அப்புறம், எந்த மொழி எடுத்தாலும் எஸ்கியூஎல் கற்றே ஆகவேண்டும், டேட்டாபேஸிடம் (தகவலைச் சேமித்து வைக்கும் இடம்) கேள்வி கேட்கும் மொழி அது. 1970-களில் வந்தது, இன்னும் அதை அசைக்க ஆளில்லை. டேட்டாபேஸ் இல்லாத மென்பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆங்கிலம் சரளமாக வராது. தடையா?

பேச வராதது தொடக்கத்தில் தடை இல்லை, படிக்க வராதது தடை. ஆனால் படிக்க வேண்டிய ஆங்கிலம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறுகலானது. பைத்தானில் முன்பதிவுச் சொற்கள் (மொழி தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட சொற்கள்) மொத்தமே 35. எர்ரர் செய்திகளும் வழிகாட்டிப் பக்கங்களும் ஒரு சில நூறு சொற்களைத்தான் மாற்றி மாற்றிப் போடும். முதல் மாதம் அகராதியோடு படியுங்கள், மூன்றாம் மாதம் அது தேவைப்படாது. கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் இன்றும் அப்படித்தான் யோசிக்கிறேன்.

தமிழ் தெரிந்ததால் எனக்குச் சீக்கிரமே புரிந்த ஒரு விஷயமும் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு மூன்று. அது 5 என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் முறை) ஐந்து குறியீடுகள் இருப்பதால் அப்படி. மனிதர் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல என்பதை ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்கள் பல வருடம் கழித்துத்தான் முட்டிக்கொண்டு தெரிந்துகொள்கிறார்கள். நமக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடுகிறது.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் இருப்பதில் முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வீடியோவில் ஒருவர் கோட் எழுதும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது அவர் எடுத்த முடிவுகளின் விளைவு மட்டும்தான். இங்கே ஏன் பட்டியல் வைத்தார், இதை ஏன் தனி ஃபங்ஷனாகப் பிரித்தார், முதலில் எதை எழுதினால் சரியாக வரும் என்று எப்படித் தெரிந்துகொண்டார் என்பதெல்லாம் கேமரா ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துபோன யோசனை. புரோகிராமிங் என்பதே அந்த யோசனைதான். தட்டச்சு செய்வது அதில் கடைசிப் பகுதி. சைக்கிள் ஓட்டுகிறவரை நாற்பது மணி நேரம் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் விழத்தான் செய்வோம், அதுபோலத்தான் இதுவும்.

நான் ஐந்து மாதம் இந்தக் குழியில் கிடந்தேன். மூன்று பயிற்சித் தொடர்களை முழுதாக முடித்திருந்தேன், அவர்கள் சொன்ன டு-டூ லிஸ்ட் ஆப், வானிலை ஆப் எல்லாம் செய்து வைத்திருந்தேன், சான்றிதழ்கூட இருந்தது. ஒருநாள் வீடியோவை மூடிவிட்டு அதே டு-டூ லிஸ்டை வெறும் பக்கத்திலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்தும் கோப்பில் ஒரு வரிதான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயதில் எழுதிப் படித்ததெல்லாம் அன்றைக்குத்தான் அர்த்தமானது.

பிறகு நான் செய்தது இதுதான்: இருபது நிமிட வீடியோ பார்த்தால் மூடிவிட்டு நாற்பது நிமிடம் அதே விஷயத்தைப் பார்க்காமல் எழுதுவது. வராது. எங்கே நின்றுபோனதோ அந்த ஓர் இடத்தை மட்டும் திரும்பப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவது. அதில் வந்துவிட்டால் ஏதாவது ஒன்றை மாற்றுவது, பட்டியலைத் தலைகீழாகக் காட்டு, முடிந்த வேலைகளை மட்டும் அழி, இப்படி. வேகம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஒரு வித்தியாசம் தெரியும்: என்ன எழுதுவது என்று தெரியாமல் திகைப்பது குறைந்து, எழுதியது ஏன் ஓடவில்லை என்று திகைக்க ஆரம்பிப்பீர்கள். நல்ல முன்னேற்றம்தான் அது.

சரி, எர்ரர் வந்தால் என்ன செய்வது? பார்த்தாலே பதறுகிறது.

கோட் ஓடும் இடத்தில் சிவப்பாக இருபது வரி கொட்டினால் எல்லோருக்கும் அப்படித்தான். ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

பைத்தானில் ஒருவரின் வயதைக் கேட்டு வாங்கி, அடுத்த வருடம் எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம் எழுதுகிறீர்கள். இன்புட் என்று எழுதி வாங்கி, அதோடு 1-ஐக் கூட்டி அச்சிடச் சொல்கிறீர்கள். பயனர் 34 என்று தட்டுகிறார். புரோகிராம் விழுந்துவிடுகிறது. சிவப்பு வரிகளை மேலிருந்து படிக்காதீர்கள், கடைசி வரிக்குப் போங்கள். அங்கே டைப்எரர் என்று இருக்கும். பக்கத்தில், எழுத்துச்சரத்தோடு (எழுத்துகளின் கோவை) எழுத்துச்சரத்தைத்தான் ஒட்ட முடியும், எண்ணை ஒட்ட முடியாது என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதற்கு மேலே வரி எண். அந்த வரியில் நீங்கள் கூட்டல் போட்டிருப்பீர்கள்.

இப்போது யோசியுங்கள். நீங்கள் ஒட்டச் சொல்லவில்லை, கூட்டச் சொன்னீர்கள். அது ஏன் ஒட்டுவதைப் பற்றிப் பேசுகிறது? அதன் பார்வையில் இடதுபக்கம் இருப்பது எழுத்துச்சரம். உங்களுக்கு அது 34 என்ற எண், அதற்கு '3', '4' என்ற இரண்டு எழுத்துகள். கீபோர்டிலிருந்து எது வந்தாலும் இன்புட் அதை எழுத்தாகத்தான் தரும். எண்ணாக மாற்ற வேண்டியது நம் வேலை. மாற்றுவதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன்தான், அரை நிமிட வேலை. ஆனால் "நான் பார்ப்பது ஒன்று, கணினி பார்ப்பது வேறு" என்ற இந்த ஒரு கோளாறு வேறு வேறு வேஷத்தில் உங்கள் தொழில் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதனால் சந்தேகம் வந்த வரிக்கு முன்னால் அந்த மாறியின் மதிப்பையும் அதன் வகையையும் அச்சிட்டுப் பாருங்கள். ஊகிக்காதீர்கள். அனுபவசாலிகள் பலரும் இன்றும் இப்படி அச்சிட்டுத்தான் பார்க்கிறார்கள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

என்ன ப்ராஜெக்ட் செய்வது?

உங்களைத் தவிர இன்னொருவர் நிஜமாகவே பயன்படுத்தப்போகிற ஒன்று. அது சின்னதாக, அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

இதில் நான் பிடிவாதக்காரன், ஏன் என்று சொல்கிறேன். மாதக் கடைசியில் எங்கள் பிரிவில் ரீகன்சிலியேஷன் என்று ஒன்று நடக்கும்: வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எங்கள் லெட்ஜரில் இருக்கிறதா என்று ஒப்பிட்டு டிக் போடுவது. ஒரு முழு நாள் போய்விடும். பைத்தானில் இரண்டு கோப்பையும் படித்து ஒப்பிடும் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) எழுதினேன், நாற்பது வரிதான். என் மேஜையில், நானே தயாரித்த மாதிரிக் கோப்பில் பிரமாதமாக ஓடியது. பக்கத்து மேஜைக்காரர் நிஜமான கோப்பைக் கொடுத்தார். பாதிக்கு மேல் டேலி ஆகவில்லை.

ஒவ்வொன்றாகத் தோண்டினேன். ரெஃபரன்ஸ் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி, யாரோ எப்போதோ ஸ்பேஸ் பாரைத் தட்டியது. கணினிக்கு '1042'-உம் '1042 '-உம் வேறு வேறு. அப்புறம் தேதி: 03/04 என்பது ஒரு கோப்பில் ஏப்ரல் மூன்று, இன்னொன்றில் மார்ச் நான்கு. 13-ஆம் தேதியிலிருந்து எல்லாம் சரியாக இருந்ததால்தான் (13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே) அதைக் கண்டுபிடிக்கவே முடிந்தது. இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மொத்தத் தொகை இம்மியளவு உதைத்தது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கணினிக்கு 0.3 வராது, 0.30000000000000004 வரும் என்பது அன்று ராத்திரிதான் எனக்குத் தெரியும்; கணினி பின்னங்களை இரண்டின் அடிப்படையில் வைத்துக்கொள்கிறது, 0.1 அதில் முடிவில்லாமல் நீள்வதால் எங்கோ வெட்டியாக வேண்டும். பதினோரு வருடம் கணக்கு எழுதியவனுக்கு அதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. தொகையைப் பின்னமாக வைக்காமல் மிகச்சிறிய காசு அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்வதுதான் வழி.

எந்தப் பயிற்சித் தொடரிலும் இந்த மூன்றில் ஒன்றும் வரவில்லை. அவர்கள் கொடுத்த டேட்டா குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தது. நிஜ உலகத்து டேட்டா அப்படி வராது, நிஜ மனிதர்களும் நீங்கள் நினைத்த பட்டனை அழுத்த மாட்டார்கள். ஆகவே இன்னொருவர் கையில் கொடுக்கும்வரை நீங்கள் எழுதியது ஓடுகிறதா என்று உங்களுக்கே தெரியாது.

உங்கள் பழைய வேலையில் எதைச் செய்யும்போது சலித்துக்கொண்டீர்களோ அங்கேயே முதல் ப்ராஜெக்ட் இருக்கும். ஒரே எச்சரிக்கை: அலுவலகத் தகவலை வீட்டுக்கு எடுத்துப் போகவோ கிட்ஹப்பில் (கோடை இணையத்தில் வைத்துப் பகிரும் தளம்) ஏற்றவோ கூடாது. அனுமதி கேட்டுச் செய்யுங்கள், வெளியே காட்டும்போது போலித் தகவல் வையுங்கள்.

எத்தனை மாதம் ஆகும்?

எனக்கு வேலையோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு வருடம். தினம் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாலைந்து மணி நேரம். மூன்றே மாதத்தில் டெவலப்பர் என்று விளம்பரம் செய்கிறவர்கள் எப்போதும் எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்கள், கவனித்துப் பாருங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா?

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று திட்டுவார்கள், இருந்தாலும் முதல் ஆறு மாதம் விடாதீர்கள் என்பேன். முதல் காரணம் பணம், அது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது, சேமிப்பு கரையக் கரைய மனசு அவசரப்படும், அவசரத்தில் அடிப்படையைத் தாண்டிக் குதிக்கத் தோன்றும். மூன்றாவது, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்றே இன்னும் தெரியாது. ஆறு மாதம் கழித்தும் தினமும் உட்கார்கிறீர்கள், கையில் ஒரு வருடச் செலவு இருக்கிறது, வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது என்றால் அப்போது யோசியுங்கள். வீட்டில் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். "கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து என்னதான் பண்றே" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு வீடு இரண்டு வருடம் ஓடாது.

பூட்கேம்ப், சான்றிதழ் வாங்கலாமா?

தானாக உட்கார முடியாதவர்களுக்குப் பூட்கேம்ப் (காசு கட்டிச் சேரும் தீவிரப் பயிற்சி வகுப்பு) உதவும், அதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பாடத்தை அல்ல, கால அட்டவணையை. பாடம் இலவசமாகவே கிடைக்கிறது: ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட், மொசில்லாவின் எம்டிஎன் பக்கங்கள். கடன் வாங்கிச் சேராதீர்கள். சான்றிதழைப் பொறுத்தவரை, என்னை நேர்காணல் செய்த ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

லேப்டாப் எப்படிப்பட்டது வேண்டும்?

இப்போது இருப்பதே போதும். 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. மொபைலில் மட்டும் கற்பது பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், படிக்கலாம், எழுத முடியாது.

யாரும் வெளிப்படையாகச் சொல்லித்தராத, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை?

கிட். கோப்பில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கருவி. 2005-இல் லினஸ் டொர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்காக எழுதியது, இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனத்திலும் இருக்கிறது. 'ரிப்போர்ட் ஃபைனல்', 'ரிப்போர்ட் ஃபைனல் 2', 'ரிப்போர்ட் உண்மையான ஃபைனல்' என்று கோப்பு வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எல்லாக் கட்டளையும் வேண்டாம், ஏழெட்டு போதும், ஆனால் முதல் வாரத்திலிருந்தே பயன்படுத்துங்கள். பிறகு டெர்மினல், கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் இடம், அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுவது ஒரு வாரத்தில் போய்விடும். மூன்றாவது, கேள்வி கேட்பது. "ஓடல, ஹெல்ப் பண்ணுங்க" என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, எர்ரர் என்ன சொல்கிறது, என்னென்ன முயற்சி செய்தேன் என்று எழுதிப் பாருங்கள். பாதி நேரம் எழுதி முடிப்பதற்குள் விடை உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

ஏஐ எல்லாவற்றையும் எழுதிவிடுகிறதே, இனி கற்று என்ன பயன்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. நான் தினமும் ஏஐ பயன்படுத்துகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. அலுப்பான வேலைகளை அது கடகடவென்று எழுதித் தள்ளுகிறது. ஆனால் இல்லாத லைப்ரரியின் (பிறர் எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) பெயரைத் துளிக் கூச்சமில்லாமல் சொல்லும், தப்பான கோடைச் சரியான கோட் மாதிரியே அழகாக அடுக்கித் தரும். எது தப்பு என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு அது நல்ல உதவியாள், தெரியாதவனுக்குப் புதைகுழி.

கற்கும்போது மட்டும் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். முதல் நாலைந்து மாதம் அதை எழுதச் சொல்லாதீர்கள், விளக்கச் சொல்லுங்கள். "இந்த எர்ரருக்கு அர்த்தம் என்ன, விடையைச் சொல்லாதே" என்று கேட்டால் சொல்லும். மேலே வீடியோ பற்றிச் சொன்ன அதே பொறி இதிலும் இருக்கிறது, இன்னும் வழுக்கலாக. வீடியோ பார்த்தவனுக்குத் தனக்கு எழுத வராது என்பதாவது ஒருநாள் தெரியவரும், ஏஐ எழுதிக் கொடுத்தவனுக்கு அதுவும் தெரியாது. கையில் ஓடுகிற ப்ராஜெக்ட் இருக்கும், நேர்காணலில் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டால் முழிப்பார்.

புதியவர்களுக்கு வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஐ ஒரு காரணம், 2022, 2023-இல் பெரிய நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்ததால் அனுபவசாலிகளும் அதே வரிசையில் நிற்பது இன்னொரு காரணம்.

பழைய அனுபவத்தை ரெஸ்யூமேயில் மறைக்கலாமா?

ஐயையோ, கூடாது. எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். 22 வயதுக்காரர்களோடு கோட் எழுதுவதில் போட்டி போட்டு நான் ஜெயித்திருக்க முடியாது. ஆனால் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில், டெபிட் கிரெடிட்டை வாடிக்கையாளரோடு அவர் பாஷையிலேயே பேசத் தெரிந்த, சுமாராகக் கோட் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் இருந்தேன். நர்ஸாக இருந்தவர் மருத்துவமனை மென்பொருள் பக்கம் பார்க்கட்டும், ஆசிரியர் கல்வி மென்பொருள் பக்கம், கிடங்கில் இருந்தவர் சரக்கு நிர்வாகம் பக்கம். விண்ணப்பத்தில் 'ஆர்வமுள்ள டெவலப்பர்' என்று எழுதுவதற்குப் பதிலாக "ஒரு நாள் பிடித்த ரீகன்சிலியேஷனை இருபது நிமிடமாக்கினேன்" என்று எழுதினேன். அதைப் பற்றித்தான் முதல் கேள்வியே வந்தது, எனக்குத் தெரிந்த விஷயம், அரை மணி நேரம் பேசினேன்.

நேர்காணலில் டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவலை அடுக்கி வைக்கும் முறைகள்), அல்காரிதம் கேட்பார்களாமே?

கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் கடுமையாகவே கேட்கும், அதற்குத் தனியாக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். சிறிய இடங்களில் அடிப்படை போதும்: அரே (வரிசையாக அடுக்கிய மதிப்புகள்), ஹாஷ் மேப் (ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தருவது), தேடுவது, வரிசைப்படுத்துவது. மனப்பாடம் செய்யாமல் ஏன் என்று பிடித்துக்கொள்ளுங்கள். அகரவரிசையில் இருக்கும் 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட, நடுவில் திறந்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் 20 தடவை பார்த்தால் போதும். இதைப் பேப்பரில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு பைனரி சர்ச் மறக்காது.

யோசிக்கும்போது வாய்விட்டு யோசியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நிராகரிப்பு வரும், நிறைய வரும், பல இடங்களிலிருந்து பதிலே வராது. எண்ணுவதை நான் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன்.

முதல் வேலை எப்படி இருக்கும்?

எழுதுவதைவிட அதிகம் படிப்பீர்கள். யாரோ எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதிவிட்டுப் போன ஆயிரக்கணக்கான வரிகளை. எனக்கு முதல் இரண்டு வாரம் ஒன்றுமே புரியவில்லை, மூன்றாவது வாரம் ஒரு தலைப்பில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினேன், அதுதான் என் முதல் பங்களிப்பு. ஒரு சொல்லை மாற்ற ஒன்றரை நாள் ஆனது, ஏனென்றால் அந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள்.

இது எனக்கு ஒத்துவராது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று நான்கு மாதம் ஒழுங்காக உட்கார்ந்து பாருங்கள். இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்ட ஒரு பிழை சரியாகி ஓடும்போது உங்களை அறியாமல் ஒரு சிரிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் தொடருங்கள், மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும். "அப்பாடா, தொலைந்தது" என்ற எரிச்சல் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால், இந்த வேலையில் தினமும் அதுதான் நடக்கும் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள். டெஸ்டிங், டேட்டா அனாலிசிஸ், டெக்னிக்கல் சப்போர்ட் என்று பக்கத்துத் தெருக்களும் இருக்கின்றன. கற்ற பைத்தானை வைத்துக்கொண்டு பழைய வேலையிலேயே இருப்பவர்களும் உண்டு, அவர்களில் சிலர் என்னைவிட நிம்மதியாக இருக்கிறார்கள்.

அந்த ரீகன்சிலியேஷன் ஸ்கிரிப்ட் என்ன ஆனது?

இன்னும் ஓடுகிறது. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு காலம் (நெடுவரிசை) இடம் மாறிவிட்டதாம், எல்லாமே டேலி ஆகாமல் நிற்கிறதாம். கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது காலத்தை எடு, ஐந்தாவது காலத்தை எடு என்று எண்ணாகவே எழுதி வைத்திருந்தேன், பெயரை வைத்துத் தேடும் புத்தி அப்போது இல்லை. மாற்றி அனுப்பப் பத்து நிமிடம் ஆனது. மாறிகளுக்கு எக்ஸ், எக்ஸ்2, எக்ஸ்3 என்று பெயர் வைத்திருந்ததை மட்டும் பார்க்கவே சகிக்காமல், அதையும் திருத்த உட்கார்ந்ததில் ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது.